ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம்

சென்னைக் கல்யாண ரிசப்ஷனில் ஆட்டத்துக்கென்று உண்மையில் கிடைப்பது முக்கால் மணி நேரம். பத்திரிகையில் மாலை 6.30 என்று போட்டிருக்கும். மேக்கப் முடிந்து மணமக்கள் மேடையேற 7.15 ஆகிவிடும். அப்புறம் வரிசை. கவர் கொடுப்பவர்கள், பொக்கே கொடுப்பவர்கள், மாப்பிள்ளையின் ஆபீஸ் கூட்டம், ‘சார், இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க’ என்று ஒவ்வொரு குடும்பத்தையும் பிடித்துவைக்கும் போட்டோகிராபர். வரிசை கரையும்போது 9.15. வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பியிருப்பார்கள். 10 மணிக்கு மண்டப மேனேஜர் மேடைப் பக்கம் வந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். டிஜேவுக்கு நாலு மணி நேரத்துக்குப் பணம் பேசியிருப்பார்கள். அவருடைய வேலை தெரிவது நடுவில் அகப்பட்ட அந்த முக்கால் மணியில்தான்.

தொழிலில் ஊறியவர்கள் பட்ஜெட்டையும் அங்கிருந்துதான் பின்னோக்கிப் போடுவார்கள். குடும்பங்கள் போடும் கணக்கு வேறு. எத்தனை ஸ்பீக்கர், எத்தனை லைட், புகை உண்டா, கோல்டு பைரோ உண்டா என்று பெட்டிகளை எண்ணிக்கொண்டு போகிறது அது. கொட்டேஷனில் வரிகள் கூடக்கூட நிகழ்ச்சி பெரிசு என்ற திருப்தி. பெட்டி எத்தனை வந்தாலும் ஆடும் நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை. நேரத்தைக் கூட்டித்தருவது ஆள். அதனால் முதல் செலவும் ஆள்மீதுதான் இருக்க வேண்டும்.

டிஜே நிற்கும் இந்த இடத்தில் முன்பு மெல்லிசைக் குழு இருந்தது. லஷ்மண் ஸ்ருதி போன்ற பெரிய குழுக்கள் முதல் பேட்டைக் குழுக்கள் வரை, முகூர்த்த நாளில் ஓய்வில்லாமல் ஓடிய காலம் அது. ரிசப்ஷன் ஹாலின் அமைப்பே அந்தக் கச்சேரிக்கு ஏற்றதுதான்: நாற்காலிகள் எல்லாம் மேடையைப் பார்த்து, முதல் வரிசையில் தாத்தா பாட்டிகள், நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்த பாதை. குழு போய் டிஜே வந்துவிட்டார், நாற்காலிகள் நகரவில்லை. உட்கார்ந்து கேட்கப் போட்ட ஹாலில் எழுந்து ஆடச் சொன்னால் யாருக்கும் கூச்சம் வரும். ஆடுகிறவர்களின் முதுகு மேடையில் நிற்கும் மணமக்களைப் பார்க்கும், முகம் பெரியம்மாக்களைப் பார்க்கும். இந்த நிலையில் எந்தப் பாட்டைப் போட்டாலும் முதலில் கால் எழாது.

விவரமான டிஜே ஹாலைப் பார்க்க ஒருமுறை நேரில் வருவார். பாட்டு லிஸ்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கடைசி ஆறு வரிசை நாற்காலிகளை எடுத்துவிட முடியுமா, சாப்பாட்டு ஹாலின் வாசல் எந்தப் பக்கம், மேடைக்குப் பக்கவாட்டில் இருபதடிக்கு இருபதடி இடம் கிடைக்குமா என்றுதான் கேட்பார். ஆடுகளம் பின்பக்கமோ பக்கவாட்டிலோ அமைந்தால் பேஸ் பெட்டிகளையும் அங்கேயே வைத்துவிடலாம். மேடைக்கு இரு பக்கமும் தூண் மாதிரி நிறுத்தினால், முதல் வரிசையில் இருக்கும் எண்பது வயதுப் பெரியவரின் நெஞ்சில்தான் அந்த அடி முதலில் விழும். அடுத்த நிமிடம் யாராவது ஓடிவந்து, “தம்பி, சவுண்டைக் கொஞ்சம் குறைப்பா” என்பார்கள். குறைத்தால் பின்னால் ஆடுகிறவர்களுக்குக் கேட்காது. பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவருமாக இருக்கும் ஏசி ஹால்களில் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். அங்கே ஒலியைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரை ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே மேல். இதற்குக் கூடுதல் செலவு ஏதும் கிடையாது. கேபிள் நீளமாக வேண்டும், அவ்வளவுதான்.

ஹாலைப் பார்க்கும்போதே கரண்டையும் பார்த்துவிட வேண்டும். மேடை அலங்காரக்காரர், எல்இடி வால் வைப்பவர், சவுண்டு சர்வீஸ்காரர் மூவரும் ஒரே சுவரில் இருக்கும் பிளக்கில் கைவைத்தால் ட்ரிப் ஆவது நிச்சயம். மெயின் போர்டிலிருந்து சவுண்டுக்குத் தனி லைன் இழுக்க மண்டப எலக்ட்ரீஷியன் சம்மதிப்பாரா என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று மண்டபத்தில் சொல்வது உண்மைதான். ஆனால் மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில் டிஜிட்டல் மிக்சர் அணைந்துவிடும், திரும்ப எழ நேரம் எடுக்கும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் திரையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஹாலில் ஒரு சத்தமும் இராது. மிக்சருக்குக் கீழே ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. அதை வைத்திருப்பவரா என்று கேட்டாலே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

ஆளை எப்படித் தேர்வு செய்வது? இன்ஸ்டாகிராம் ரீல்ஸை நம்பிப் பயனில்லை. முப்பது விநாடியில் எல்லா ஹாலும் நிரம்பி வழியும், எல்லாரும் கையைத் தூக்கியிருப்பார்கள். கேட்க வேண்டியது ஏதாவது ஒரு கல்யாணத்தில் வெட்டாமல் ஒட்டாமல் பதிவான இருபது நிமிட ஒலி. அதில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறார் என்பதைக் காதால் கவனித்தால் போதும்.

சென்னையில் இது லேசான காரியமல்ல. நம் டப்பாங்குத்தின் அடி பெரும்பாலும் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் போகிறது. கிளப் இசை நந்நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் போகிறது. மென்பொருளில் இருக்கும் சிங்க் பட்டனை அழுத்தினால் வேகம் சேரும், நடை சேராது. திஸ்ரத்தை அது தப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஒரு கணம் காலைத் தேடுவார்கள், அப்படியே தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். பழைய பாட்டுகளில் வேறொரு சிக்கல். 1968இல் வந்த ‘குடியிருந்த கோயில்’ காலத்துப் பாட்டுகளையோ, வாத்தியக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து வாசித்த இளையராஜா பாட்டுகளையோ எடுத்தால், மனிதர்கள் வாசித்த தாளமாதலால் வேகம் இம்மியளவு ஏறும், இறங்கும். 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா’ போன்றவை கருவியில் கட்டிய தாளம். கோடு போட்ட மாதிரி நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து இணைக்க வேண்டுமானால் பழைய பாட்டைக் கேட்டுக்கேட்டுக் கையால் குறித்துவைத்திருக்க வேண்டும், அல்லது சுத்தமாக நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்கும் துணிச்சல் வேண்டும். நல்ல டிஜேக்கள் பலர் பின்னதைத்தான் செய்கிறார்கள். அரை விநாடி மௌனம், அப்புறம் ‘ராக்கம்மா கையத் தட்டு’ தொடங்கினால் சித்தப்பாக்கள் தாமாக எழுந்துவருவார்கள்.

எந்த வயதுக்காரரை முதலில் எழுப்புவது என்பதில்தான் அந்த முக்கால் மணியின் சூட்சுமம் இருக்கிறது. கல்லூரி நண்பர்கள் எப்படியும் ஆடிவிடுவார்கள். அவர்களுக்காக ‘அரபிக் குத்து’ போட ஆளே தேவையில்லை. அத்தையும் மாமாவும் இறங்கிவிட்டால்தான் ஆட்டம் குடும்பத்தினுடையதாக மாறும். கிளம்ப எழுந்தவர்களும் ஓரமாக நின்று பார்ப்பார்கள். அதனால் அனுபவசாலிகள் எண்பது, தொண்ணூறுகளின் பாட்டுகளில் தொடங்கி, புதியவற்றைப் பின்னால் தள்ளுகிறார்கள். மணமகன் தரப்பு தெலுங்கு, மணமகள் தரப்பு தமிழ் என்றால் கணக்கு இன்னும் நுணுக்கமாகும். சவுகார்பேட்டை மார்வாடிக் குடும்பத்தின் சங்கீத் என்றால் அது முழுக்க வேறு உலகம். அங்கே டோலும் இந்திப் பாட்டும் நன்றாகத் தெரிந்தவரைத் தேடுவதுதான் முறை.

ரிசப்ஷனில் ஆட்ட நேரத்தை நீட்ட ஒரே வழி, வரிசையை நடுவில் ஒருமுறை நிறுத்துவது. 8.15 வாக்கில் பதினைந்து நிமிடம் மணமக்களைக் கீழே இறக்கிவிட்டால், கிளம்பிப்போகவிருந்த பாதிப்பேரும் அங்கே இருப்பார்கள். இதற்கு மணமகளின் ஒப்புதல் போதாது. வரிசையில் நிற்பவர்கள் கோபித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் யாரோ அவர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ஒரு தாய்மாமா. முதல் சந்திப்பிலேயே, “சார், அன்னிக்கு யார்கிட்ட கேட்கணும்?” என்று விசாரித்து அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளும் டிஜே கிடைத்தால் விடக்கூடாது.

கசின்களின் ஆட்டம் தனிக்கதை. மூன்று வாரம் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்திருப்பார்கள். பாட்டு மட்டும் அன்று மாலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று மூன்று கோப்புகளாக வரும். ஒன்றில் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும், அடுத்தது காதைப் பிளக்கும். இரண்டு நாள் முன்னதாக ஒரே கோப்பாகக் கொடுத்து, எந்த விநாடியில் நிறுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தால் ஒலி அளவைச் சமன்செய்து வைத்துவிடலாம்.

பணத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, 400 பேர் வரும் ஏசி ஹால். டிஜே 25,000, சவுண்டு 30,000, லைட்டும் அதைத் தொங்கவிடும் ட்ரஸ்ஸும் 20,000, வண்டியும் ஏற்றுக்கூலியும் 5,000 என்று கொட்டேஷன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 14,400 கூடி 94,400. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய டிஜே ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் இந்த வரி இராது, பில்லும் சாதாரண பில்லாக இருக்கும். இந்தக் கணக்கில் கைவைக்க வேண்டிய இடம் லைட். மேடை அலங்காரக்காரர் ஏற்கெனவே ஹாலை வெளிச்சக்காடாக்கி வைத்திருப்பார். வீடியோகிராபரும் வெள்ளை விளக்கை அணைக்க விடமாட்டார். அதற்குள் சுழலும் வண்ண விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆடுகளத்துக்கு மட்டும் நாலைந்து விளக்கு என்று சுருக்கி, மிச்சத்தில் பாதியை டிஜேவுக்குச் சேர்த்தால் ஒரு படி மேலான ஆள் கிடைப்பார்.

கொட்டேஷனில் எழுதாத செலவுகள்தான் கடைசியில் கடிக்கும். வெளி ஆள் சவுண்டு கொண்டுவந்தால் சில மண்டபங்கள் தனிக் கட்டணம் கேட்கும்; கரண்ட்டை யூனிட் கணக்கில் போடும் இடங்களும் உண்டு. நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, டீமுக்கு எத்தனை சாப்பாடு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்னாகும் என்று மூன்று வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு நாதஸ்வரத்துக்கும் ஐயருக்கும் மைக் வேண்டியிருக்கும். அதே சவுண்டு சர்வீஸை ராத்திரி அங்கேயே விட்டுவைத்தால் இரண்டாவது வண்டி வாடகை மிச்சம்.

தேதிக்கும் விலைக்கும் உள்ள உறவைப் பஞ்சாங்கம் பார்த்தால் தெரிந்துவிடும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லாத குறையை ஆவணியும் தையும் தீர்த்துக்கொள்கின்றன. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் நகரத்தில் நல்ல பெட்டிகளும் கிடைக்காது, நல்ல ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் பேசியவர் ஒருவர், வந்து நிற்பவர் வேறொருவர் என்பது சகஜம். ஒரே பெயரில் மூன்று ஹாலுக்கு ஒப்புக்கொண்டு, இரண்டுக்குத் தம்பிமார்களை அனுப்பும் பழக்கம் தொழிலில் இருக்கிறது. கன்சோலில் யார் நிற்பார் என்ற பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கல்யாணம் ஊரில், ரிசப்ஷன் மட்டும் சென்னையில் என்றால் முகூர்த்தமில்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். மண்டப வாடகையிலேயே வித்தியாசம் தெரியும்.

ஈசிஆர் ரிசார்ட்டின் புல்வெளியில் விடிய விடிய ஆட்டம் என்று கனவு காண்பவர்கள், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் படித்துவிடுவது நல்லது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சுவர் சூழ்ந்த அரங்குக்குள் மட்டும் விலக்கு உண்டு. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 55 டெசிபல். நாலு பேர் பக்கத்தில் நின்று பேசினாலே அதைத் தாண்டிவிடும். ஆகவே புல்வெளி ரிசப்ஷன் என்றால் மாலை 5.30க்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம், அல்லது 10 மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடும் சைலண்ட் டிஸ்கோ.

பாட்டு உரிமம் பற்றியும் ஹோட்டல்காரர்கள் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவதை உரிமை மீறலாகக் கருதவில்லை. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறையும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. பிரச்சினை அதோடு ஓயவில்லை: இதே பொருளில் கோவா அரசு விட்ட சுற்றறிக்கையை 2024 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது, ஹோட்டலின் சட்டப் பிரிவினர் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஹால் புக் செய்யும்போதே உரிமக் கட்டணம் யார் தலையில் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால், ரிசப்ஷன் அன்று மாலை வாக்குவாதம் இராது.

கடைசியாக பாக்கிப் பணம். இரவு 10.15க்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும் டிஜேவுக்குப் பெண்ணின் அப்பாவைக் கண்டுபிடிப்பதே பாடு. மொய்ப்பையைப் பூட்டிவைக்க ரூமுக்குப் போயிருப்பார், அல்லது விடியற்காலை முகூர்த்தத்துக்காகப் படுத்திருப்பார். 8 மணிக்குள் தொகையைக் கொடுத்துவிடும்படி ஒரு சித்தப்பாவிடமோ மச்சானிடமோ பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். பணம் கைக்கு வந்துவிட்ட டிஜே, மேனேஜர் கடிகாரத்தைக் காட்டும்போது அவரிடம் இன்னும் ஒரு பாட்டுக்கு மல்லுக்கட்டும் மனநிலையில் இருப்பார்.