சந்தைக்கு மறுநாள்

யாழ்ப்பாணத்து ஆரம்பப் பாடசாலைகளில் மாணவர் சந்தை என்றால் அது ஒரு திருவிழா. முற்றத்தில் கிடுகுக் கொட்டில் எழும். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைப்பூ, புழுக்கொடியல், வீட்டில் சுட்ட வடை, தேசிக்காய்ச் சாறு என்று பிள்ளைகள் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சேலை சுற்றிய சின்னப் பெண் கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளிப்பாள். சாரம் கட்டிய பையன் தொண்டை கிழியக் கூவுவான். அதிபர் நாடா வெட்டுவார், படம் எடுப்பார்கள், பதினொரு மணிக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும்.

அப்படித் தீர்ந்துவிடுவதில்தான் எனக்கு மனத்தாங்கல். பெற்றார் பாசத்தால் வாங்குகிறார்கள். முப்பது ரூபாச் சாற்றுக்கு நூறு ரூபாத் தாளை நீட்டி, "மிச்சம் வேண்டாம் ராசா" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். மிச்சக்காசை எண்ணிக் கொடுப்பதுதான் ஏழு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கும் பெரிய கணிதப் பாடம். கீரை வாடிப் போவதும், விலையைக் குறைப்பதா வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று பிள்ளை தடுமாறுவதும்கூடச் சந்தைதான். அந்தத் தடுமாற்றத்தைப் பிள்ளைக்கு விட்டுவைக்க வேண்டும்.

நான் படிப்பித்த காலத்தில் சந்தைக்கு மறுநாள் இரண்டு பாடவேளையைக் கணக்குக்கென்றே ஒதுக்குவேன். சீனி எவ்வளவு, கடதாசிக் குவளை எவ்வளவு என்று வரிவரியாகக் கரும்பலகையில் எழுதுவோம். "தேசிக்காய் எங்கட வளவில காய்ச்சது ரீச்சர், காசில்லை" என்பார்கள். அதையே சந்தையில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டால் வகுப்பு யோசிக்கத் தொடங்கும்.

"சாறு பிழிஞ்சது ஆர்?"

"அம்மா."

"அப்ப அம்மாவுக்கு எவ்வளவு எழுதுவம்?"

இதற்கு எந்த வகுப்பிலும் ஒரே விடை வந்ததில்லை. அம்மாவுக்குப் போய்க் காசு எழுதுவதா என்று பாதிப்பேர் கோபிப்பார்கள். வெங்காயம் நடக் கூலிக்குப் போகும் தாயின் பிள்ளை மட்டும் அரைநாள் சம்பளம் இவ்வளவு என்று உடனே சொல்லும். அந்தத் தொகை பலகையில் ஏறியதும் பலருடைய இலாபம் காணாமற் போய்விடும். "அதை அழியுங்கோ ரீச்சர்" என்று கெஞ்சுவார்கள். அழித்ததில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எத்தனையோ பொருளின் பின்னால் யாரோ ஒருத்தியின் கூலி எழுதப்படாமல் கிடக்கிறது.

இதெல்லாம் சின்ன வயதில் எதற்கு, மேல் வகுப்பில் படிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் உள்ளூர்த் தொழில்களைப் பாடமாக்கியது. ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. இன்று வணிகக் கல்வியும் கணக்கீடும் பத்தாம் தரத்தில், அதுவும் விரும்பித் தெரிவு செய்யும் பாடமாகத்தான் வருகிறது. காசோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோது, கைவிசேடக் காசை உண்டியலில் சேர்த்து வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "காசு குறையேல்லைத்தானே, பிறகேன் சைக்கிளுக்குக் காணாது?" பொருளியல் படித்தவர்கள் வாழ்நாள் முழுக்க ஆராயும் கேள்வி அது. எட்டு வயதில் வந்துவிட்டது.

சந்தை பிள்ளைகளிடம் எதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை எனக்குக் காட்டியவன் நாலாம் தரத்துப் பையன் ஒருவன். காலையிலேயே மற்றப் பிள்ளைகளின் பாகற்காயையும் கத்தரிக்காயையும் மொத்தமாக வாங்கித் தன் கொட்டிலில் வைத்துச் சில்லறையாக விற்றான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பத்துக் காய் வாங்கினால் ஒன்பதுக்குத்தான் காசு கொடுத்தான். ஒரு சிறுமி அழுதுகொண்டு வந்து நின்றாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கழிவு ரீச்சர். சந்தையில எல்லாரும் எடுக்கிறவை. அப்பாட்டயும் எடுக்கிறவை."

எங்கள் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு கிலோ மரக்கறி கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று தள்ளி, தொண்ணூறுக்கே காசு எண்ணும் வழக்கம் அது. மண், ஈரம், அழுகல் என்று காரணம் சொல்வார்கள். விவசாயிகள் நெடுங்காலமாக எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். தகப்பனுக்கு நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதைத்தான் வியாபாரம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறது. அவனைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவன் பெயரைச் சொல்லாமல் கழிவையே கணக்காக வைத்தேன்.

"பத்தில ஒண்டு அழுகினால் நட்டம் ஆருக்கு?"

"வாங்கினவருக்கு."

"அழுகாட்டி?"

கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவனே சொன்னான்: "அப்ப அந்தக் காய் சும்மா வந்தது."

சத்தமும் சண்டையுமாக அந்தப் பாடவேளை முழுதும் போயிற்று. முதல்நாள் அழுத சிறுமிதான் வழி சொன்னாள். அழுகலை வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து பார்த்துக் கழிக்க வேண்டும். மிஞ்சியதற்கு முழுக்காசும் கொடுக்க வேண்டும். மட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள்.

சந்தையில் சேர்ந்த காசைப் பல இடங்களில் பெரியவர்களே ஒரு நிதியில் போட்டுவிடுவார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் உழைத்த பிள்ளைக்கு அதில் ஒரு சொல்லும் இல்லாமற் போகிறது. எங்கள் வகுப்பில் பிள்ளைகளே கூடிப் பேசினார்கள். போட்ட முதல் அவரவருக்கு, இலாபத்தில் பாதி பங்கு, மீதிக்கு வகுப்புக்கு ஒரு தராசு. எந்தக் கடையில் என்ன விலை என்று விசாரிக்க ஆள் பிரித்தார்கள். பேரம் பேச அந்தப் பையனையும், வாங்க முன்பு நிறுத்துப் பார்க்க அந்தச் சிறுமியையும் தெரிவு செய்தார்கள்.