போனுக்கு சீசன் கிடையாது... பாட்டுக்காரருக்கு உண்டு!

தாயில்பட்டியில் வேலையை எப்போது நிறுத்த வேண்டும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. மழை பெய்தால் பட்டாசு காயாது, வேலையும் நடக்காது. மருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. வெயிலில் காய்ந்த சரக்கைச் சூடு ஆறும் முன் தொடக் கூடாது. தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்குக் கொஞ்ச நாள் விடுமுறை. பிறகு பூஜை போட்டுத்தான் மறுபடி திறப்பார்கள்.

அவசரத்துக்கு என்ன விலை என்பது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து வீடுகளுக்கு நன்றாகவே தெரியும்.

இதே ஊரில் ஒருவர், மாடி அறையில் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துச் சொந்தமாகப் பாட்டு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது, மிக்ஸ் செய்வது, வீடியோ எடிட் செய்வது, போஸ்டர் போடுவது, கமென்ட்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவரேதான். 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல அவருக்குப் போர்மேன் இல்லை. மழை வந்தாலும் வேலை நிற்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் லேப்டாப் திறந்தே கிடக்கும்.

சுதந்திரக் கலைஞர் என்று பெயர். ஆனால், ஒருநாள் லீவு எடுக்கப் பயம்!

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பாட்டு

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இசைத்துறைக் கணக்குகளைத் திரட்டும் லுமினேட் நிறுவனம் 2023-ல் சொன்னபடி, உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய பாடல்கள் இணையத்தில் ஏறுகின்றன. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது.

இதைப் படித்ததும், 'அப்படியென்றால் நான் தினமும் ஏதாவது போட்டே ஆகணும்' என்றுதான் தோன்றும். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வரும். ஒரு லட்சத்துக்கு நடுவே வாரம் ஒன்று போட்டாலும் மாதம் ஒன்று போட்டாலும் வேகத்தில் ஜெயிக்க முடியாது. இவர் மட்டுமே போட்டிருக்க முடியும் என்று சொல்லவைக்கிற பாட்டுதான் காதில் நிற்கும். அப்படி ஒரு பாட்டு வர, அவர் ஊரில் நாலு பேரோடு கலந்து பழகியிருக்க வேண்டும். தூங்கியிருக்க வேண்டும். சும்மாவும் இருந்திருக்க வேண்டும்.

மேளக்காரரின் காலண்டர்

கம்பெனி இல்லாமல் இசையை நம்பிப் பிழைப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. நையாண்டி மேளம், நாதஸ்வரம், வில்லுப்பாட்டு என்று எல்லாரும் சொந்தக்காலில் நின்றவர்கள்தான். அவர்களுக்கு ஊர்த் திருவிழாக்களே காலண்டர். சிவகாசியிலும் விருதுநகரிலும் பங்குனிப் பொங்கல், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரம், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளி. சீசனில் ராப்பகல் தூக்கம் இருக்காது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வாத்தியத்தைச் சரிபார்ப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, வீட்டு வேலை பார்ப்பது. வருமானம் குறையும், உடம்பு தேறும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தக் கலைகளின் உள்ளேயே ஓய்வுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடும் நேரத்தில் முன்னவர் மூச்சு வாங்கிக்கொள்வார். தவில் தனி வாசிக்கும்போது நாதஸ்வரக்காரரின் உதட்டுக்கு ஓய்வு. கரகம் ஆடியவர் களைத்தால், அடுத்து வேடிக்கைப் பேச்சும் கூத்தும் மேடையை ஏந்திக்கொள்ளும். விடிய விடிய நடக்கிற நிகழ்ச்சியை யாரும் தனி ஆளாகச் சுமக்கவில்லை.

இன்றைய மாடி அறைப் பாட்டுக்காரருக்கு 'ஆமா' போடப் பக்கத்தில் ஆள் இல்லை. கையில் இருக்கிற போனுக்கோ சீசன் என்பதே கிடையாது. அது பன்னிரண்டு மாதமும் கூப்பிடும். அதனால் சீசனை அவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரிசல்காட்டு இசை

தாயில்பட்டியில் இருந்து தெற்கே போனால் அதே கரிசல் மண்ணில் கோவில்பட்டியும் விளாத்திகுளமும் வரும். அங்கே வாழ்ந்தவர் விளாத்திகுளம் சுவாமிகள். காடல்குடி ஜமீன் வம்சத்தில் பிறந்த நல்லப்பசுவாமி என்பவர்தான் அந்தப் பெயரில் அறியப்பட்டார். மணிக்கணக்கில் நீளும் ராக ஆலாபனைக்குப் பேர்போனவர். 1965-ல் மறைந்தார். கச்சேரிக் கடிகாரத்துக்குள் அடைபடாத அவருடைய பாட்டை அந்த வட்டாரம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அவரிடம் இசை கற்றவர்களில் ஒருவர் இடைசெவல் கி.ராஜநாராயணன். கி.ரா. பாடகராகவில்லை. விவசாயம் பார்த்தார், ஊர்க்கதை கேட்டார், அதே ஊர்க்கார நண்பர் கு.அழகிரிசாமியோடு இலக்கியமும் இசையும் பேசித் தீர்த்தார். இருவருமே பின்னாளில் சாகித்ய அகாடமி விருது பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அந்தப் பேச்செல்லாம் வெட்டிப்பொழுதாகத்தான் தெரிந்திருக்கும்.

உலக அளவிலும் இப்படித்தான். பீத்தோவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வியன்னாவில் நெடுந்தூரம் நடப்பார். பையில் பென்சிலும் காகிதமும் இருக்கும். நடையில் மெட்டு வந்தால் குறித்துக்கொள்வார்.

காதுக்கும் லீவு வேண்டும்

இசைக்காரருக்கு முதல் முதலீடு காது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபல் அளவுக்குள் கேட்பதுதான் பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க மிக்ஸ் செய்கிறவர் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடுவார்.

களைத்த காது ஏமாற்றவும் செய்யும். கூர்மையான ஒலிகள் சரியாகக் கேட்காததால் அவற்றை ஏற்றிக்கொண்டே போவோம். காலையில் கேட்டால் பாட்டு காதைக் கிழிக்கும். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஹெட்போனைக் கழற்றிவைப்பது, சத்தத்தைக் குறைத்து வைத்து வேலை செய்வது, முடித்த பாட்டை ஓர் இரவு ஆறப்போட்டு மறுநாள் சாதாரண ஸ்பீக்கரில் கேட்பது... இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை. வெயிலில் காய்ந்த சரக்கை ஆறவிடும் ஊரில் இதைப் புரியவைப்பது கஷ்டமும் இல்லை.

வெம்பக்கோட்டை சொல்லும் சேதி

தாயில்பட்டிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில் உள்ளது வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள் கிடைத்தன. கூடவே சுடுமண் பொம்மைகளும் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. சங்கறுத்து வளையல் செய்த ஊரில் விளையாட்டுக்கும் நேரம் இருந்திருக்கிறது!

இன்றைக்கும் சின்னச் சந்தோஷங்களுக்குப் பஞ்சமில்லை. டீயோடு ஒரு கை சாத்தூர் காராச்சேவு. ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. சாயங்காலம் திண்ணையில் தாயக்கட்டை. யாரோ போட்ட பாட்டை, 'இந்த இடத்தில் என்ன பிளக்-இன் போட்டிருப்பான்' என்று ஆராயாமல் சும்மா கேட்பது. இவற்றில் ஓர் ஆபத்து மட்டும் உண்டு. பரோட்டாவைப் படம் பிடித்து, அதற்குப் பின்னணி இசை சேர்த்து, ரீல்ஸாகப் போட்டால் அதுவும் வேலைதான். சில சந்தோஷங்களாவது போனுக்குள் போகாமல் இருக்கட்டும்.

சொந்தமாக ஒரு சீசன்

வழி பெரிய ரகசியம் இல்லை. பாட்டு உருவாக்கும் வாரங்கள் வேறு, அதைப் பரப்பும் வாரங்கள் வேறு என்று பிரிக்கலாம். வாரத்தில் ஒருநாள் எதையும் போஸ்ட் செய்யாமல் இருக்கலாம். வகுப்பெடுப்பது, கல்யாண மேடையில் பாடுவது, பகலில் வேறு வேலைக்குப் போவது எதுவுமே கலைக்குக் குறைச்சல் இல்லை. அரிசிக்கும் பருப்புக்கும் வழி இருந்தால், பாட்டு அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

பாடுகிறவர் பெண்ணாக இருந்தால் கதை இன்னும் கடினம். பகலில் ஆலை வேலை, வந்ததும் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். எல்லாரும் தூங்கிய பிறகுதான் அவருக்குப் பாட்டு. அவரிடம் 'நன்றாக ஓய்வெடும்மா' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அந்த ஓய்வை வீட்டில் உள்ளவர்கள்தான் தர முடியும். ராத்திரிச் சமையலை வாரத்தில் இரண்டு நாள் வேறு யாராவது பார்த்துக்கொண்டால், அவருக்கு ஒருநாள் பாட்டுக்கும் ஒருநாள் தூக்கத்துக்கும் கிடைக்கும்.