லேசான கம்பி, லேசான கை

பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "லைட்டா, மீடியமா?" என்பதுதான். கேட்ட மாத்திரத்தில் பலருக்கும் ஒரு ரோஷம் வந்துவிடும். மேடையில் எல்லோருக்கும் அடித்தளம் போடுகிறவன் பேஸ் வாசிக்கிறவன். அவன் போய் லைட் என்று கேட்பதா? கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றே காலம் தள்ளியவன் நான். எனக்கும் அந்த ரோஷம் உண்டு. வெகுநாள் மீடியம்தான் கட்டினேன். இப்போது என் கிட்டாரில் இருப்பது லைட் செட். விரல் வலிக்குப் பயந்து மாறியதாக நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். லைட் கம்பி சுகவாசிகளுக்கானது என்பவர்கள் அதைக் கட்டி ஒரு முழுக் கச்சேரி வாசித்துப் பார்த்ததில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கம்பியின் கனத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொல்கிறார்கள். நான்கு கம்பி பேஸில் 45, 65, 85, 105 என்பது பரவலாகப் புழங்கும் மீடியம். 40, 60, 75, 95 என்பது லைட். பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பிவிடக் கூடாது. 45 முதல் 100 வரையிலான செட்டை டடாரியோ கம்பெனி லைட் என்கிறது. எர்னி பால் அதையே சூப்பர் ஸ்லிங்க்கி என்று விற்கிறது. அதற்கும் கீழே 40 முதல் 95 வரை போனால் டடாரியோவில் சூப்பர் லைட், எர்னி பாலில் எக்ஸ்ட்ரா ஸ்லிங்க்கி. ஆகவே கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பதே உத்தமம்.

45-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் 0.127 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் கம்பியின் எடை அதன் விட்டத்தைப் பொறுத்துக் கூடுவதில்லை, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. நீளமும் சுருதியும் மாறாமல் இருந்தால், எடை குறைகிற விகிதத்திலேயே கம்பியின் இழுவிசையும் குறைய வேண்டும். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636-இலேயே சொல்லிவைத்த விதி இது. மீடியத்திலிருந்து லைட்டுக்கு மாறினால் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மீடியம் செட்டின் நான்கு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை இழுப்பது சுமார் 80 கிலோ எடைக்குச் சமம். அதில் பத்துப் பதினைந்து கிலோ காணாமல் போகிறது என்றால் கைக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்தது. முதலில் இடது கைக்கு. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தப் பாட்டுகளில் பேஸ் என்பது தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு ஒரே சுரத்தில் நிற்கும் வாத்தியம் இல்லை. பாடகர் ஒரு பக்கம் போனால் அது இன்னொரு பக்கம் போகும். சறுக்கி ஏறும், வழுக்கி இறங்கும், பல்லவி முடிந்து வாத்திய இசை தொடங்கும் சந்தில் தனியாக ஒரு மெட்டுப் பாடிவிட்டு வரும். 1982-இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படப் பாட்டுகளைப் பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அப்படிப்பட்ட பாட்டுகளை ஒரே இரவில் வரிசையாக வாசிக்கும்போது லைட் கம்பியின் அருமை தெரியும். சறுக்கல்கள் தடங்கலில்லாமல் வருகின்றன. ஜி கம்பியைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினால் சுரம் அசைகிறது. கமகத்தின் சாயலாவது கிடைக்கிறது. 45-இல் அதற்கு மணிக்கட்டையே பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. கட்டை விரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறைக்கும் இது தோது.

வலது கையின் கதைதான் வேறு. டியூனரை மாட்டிக்கொண்டு லைட் செட்டின் ஈ கம்பியை ஓங்கி ஒரு முறை மீட்டிப் பாருங்கள். முள் முதலில் சுருதிக்கு மேலே ஏறும். பிறகு மெல்ல இறங்கி நடுவுக்கு வந்து நிற்கும். ஓங்கி மீட்டினால் கம்பி அகலமாக ஆடுகிறது. அகலமாக ஆடும்போது அது நீள்கிறது, நீளும்போது இழுவிசை கூடுகிறது, சுருதியும் கூடுகிறது. கனமான கம்பியிலும் இது உண்டு. ஆனால் அது அதே அடிக்குக் குறைவாக ஆடுவதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. இப்போது கண்ணைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கம்பி கோடாக இருக்காது, நடுவில் பருத்த ஒரு புகைப்படலமாக இருக்கும். அந்தப் படலத்தின் அடிவயிறு ஃபிரெட்டில் படும்போதுதான் 'டர்ர்' என்ற அந்த உலோகச் சத்தம் வருகிறது. மென்மையாக மீட்டினால் படலம் ஒல்லியாகிறது, சத்தம் நிற்கிறது, முள்ளும் அசையாமல் நடுவில் நிற்கிறது.

இதைத்தான் லைட் கம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மேடையில் டிரம்ஸ் சத்தம் ஏற ஏற, நம்மை அறியாமல் நாமும் ஓங்கி அடிக்க ஆரம்பிப்போம். மீடியம் அந்த முரட்டுத்தனத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். லைட் உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தத்தைக் கூட்டுவது ஆம்பின் வேலை. விரலின் வேலை அதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான்.

இப்படிச் சொன்னதும் ஜேம்ஸ் ஜேமர்சன் பேரை இழுப்பார்கள், நியாயம்தான். டெட்ராயிட் நகரின் மோடவுன் ஸ்டுடியோவில் அறுபதுகளில் வந்த எத்தனையோ ஹிட் பாட்டுகளின் பேஸ் அவருடையது. 1962-இல் தயாரான ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் லா பெல்லா கம்பெனியின் தட்டைச் சுற்றுக் கம்பிகள். கனம் 52 முதல் 110 வரை. கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து ஏகத்துக்கு உயர்ந்து நிற்கும். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். இத்தனையையும் அவர் வாசித்தது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால். இந்தப் பக்கம் லெவல் 42 குழுவின் மார்க் கிங். அவர் கட்டுவது 30 முதல் 90 வரை. கட்டை விரல் இயந்திரம் மாதிரி ஓடும். இருவரில் யார் பெரியவர் என்று கேட்பது வீண். ஜேமர்சனின் கையில் 30 கிடைத்திருந்தால் அது அறுந்திருக்கும். கிங்கின் கையில் 110 கிடைத்தால் அந்த வேகம் வராது. கம்பியைத் தேர்ந்தெடுத்தது அவரவர் கை.

லைட்டில் போகிறதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மாறிய புதிதில் ஒரு கச்சேரியில் ஒலி அமைப்பாளர் வந்து, "சார், ஈ ஸ்ட்ரிங் மட்டும் கம்மியா வருது. கொஞ்சம் அழுத்தி அடிங்க" என்றார். அழுத்தி அடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. வலது கையைப் பிரிட்ஜ் பக்கமிருந்து கழுத்துப் பக்கமாக நகர்த்தி மீட்டினால் அடிநாதம் நிறைந்து வரும். பிக்-அப்பின் ஈ பக்கத்துத் திருகைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கம்பிக்குச் சற்று நெருக்கமாக உயர்த்தலாம். இரண்டையும் செய்ததில் அவர் அடுத்த பாட்டிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. அப்படியும் மனம் ஆறாதவர்களுக்கு 40, 60, 80, 100 என்ற செட் இருக்கிறது. மேல் கம்பிகள் லேசாக, கீழ்க் கம்பிகள் ஓரளவு கனமாக.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 41 முறை. சின்ன ஸ்பீக்கரால் அதை உருப்படியாக எழுப்பவே முடியாது. அப்படியும் டீக்கடை ரேடியோவில் பேஸை ரசித்து வளர்ந்த தலைமுறை நாம். எப்படி? அதன் இரட்டிப்பான 82, மும்மடங்கான 123 என்று மேலே வரும் துணை அதிர்வுகளைக் கேட்டு, காதே கீழே உள்ள சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. லேசான கம்பி வளைந்துகொடுக்கும் தன்மை உடையது என்பதால் அந்தத் துணை அதிர்வுகள் அதில் சுத்தமாக வரும். மண்டபத்தின் எதிரொலியில் எல்லாம் குழம்பிக் கிடக்கும்போது, கனத்த கம்பியின் முழக்கத்தைவிட லேசான கம்பியின் தெளிவே கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிறது என்பது என் அனுபவம்.

கம்பியை மாற்றிவிட்டு நேரே மேடைக்குப் போகக் கூடாது. லைட்டைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி, பழைய 80 கிலோ இழுவைக்கு எதிராக முறுக்கி வைக்கப்பட்டது. இழுவை குறைந்தவுடன் கழுத்து பின்பக்கமாகச் சாய்கிறது. முதல் சில ஃபிரெட்டுகளில் கம்பி உரச ஆரம்பிக்கிறது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டாம் ஃபிரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் டிரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்திவிட்டு, கிட்டாரைச் சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மரம் அவசரப்படாது. அதற்குப் பிறகுதான் கம்பியின் உயரம், அதற்கும் பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி சரிபார்த்துச் சேடிலை நகர்த்துவது. இந்த வரிசை முக்கியம். பழக்கமில்லாதவர்கள் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

சென்னை வெயிலில் வாசிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லைட்டோ மீடியமோ, நம் ஊர் வியர்வை எதையும் விட்டுவைக்காது. சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் உப்பும் அழுக்கும் ஏறிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்பியும் மந்தமாகிவிடும். ஒரு பேஸ் செட்டின் விலைக்குச் சாதாரண கிட்டாருக்கு மூன்று நான்கு செட் வாங்கிவிடலாம் என்பதால், பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்து, துடைத்துக் காயவைத்து மறுபடி கட்டுவது வழக்கம். அழுக்கு போய்ப் பளபளப்பு திரும்பும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடைத்துவிட்டால் அந்த வைத்தியமே அநேகமாகத் தேவைப்படாது.

எல்லோருக்கும் லைட் ஒத்துவராது. ஈ கம்பியை டி வரை இறக்கி வாசிப்பவர்களுக்கு இழுவை இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து கம்பி தொளதொளத்துவிடும். ஸ்கேல் நீளம் 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலம் உள்ள குட்டை பேஸிலும் இதே கதிதான். அதில் கனமான செட்டே சரி. பிளெக்ட்ரம் பிடித்து ஓங்கி வாசிக்கும் ராக் குழுக்காரர்களும் 45-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. மாறாக, புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும், கை சிறியவர்களுக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் 40-இல் தொடங்கச் சொல்வேன்.

மாறிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான். இப்போது கட்டியிருக்கும் அதே கம்பெனியின் அதே ரகத்தில், அளவை மட்டும் குறைத்து வாங்குங்கள். நிக்கலிலிருந்து ஸ்டீலுக்கும், மீடியத்திலிருந்து லைட்டுக்கும் ஒரே நாளில் தாவினால் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். செட்டப்பைச் சரியாகச் செய்யுங்கள். ஆம்பில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, விரலின் பலத்தைக் குறைத்து வாசித்துப் பழகுங்கள். சில கச்சேரிகள் ஆன பிறகும் ஃபிரெட் அதிர்ந்துகொண்டே இருந்தால், உங்கள் கை கனமான கம்பிக்கான கை என்று அர்த்தம். அப்போது தயங்காமல் மீடியத்துக்கே திரும்பிவிடுங்கள்; ஜேமர்சன் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.