வெயிலில் வரும் வெள்ளம்

பாலைவனத்தில் தாகத்தால் மடிவதுண்டு, வெள்ளத்தில் மடிவதுண்டா? அமெரிக்காவில் யூடா, அரிஸோனா மாகாணங்களின் எல்லையிலுள்ள பக்ஸ்கின் மலையிடுக்கில் இதற்கு விடை தலைக்கு மேலேயே தொங்குகிறது.

சுமார் 15 மைல் நீளும் அந்தச் செம்பாறை இடுக்கில் நாங்கள் இரண்டாம் முறை நடந்தோம். சில இடங்களில் கைகளை நீட்டினால் இரு சுவர்களும் தட்டுப்படும். ஆகாயமோ ஒரு நாடாதான். முன்பு வந்தபோது பாறையின் வர்ணங்களே கண்ணை நிறைத்தன. இம்முறை, எட்டாத உயரத்தில் சுவர்களிடையே சிக்கி நின்ற பெருமரங்களை விட்டுக் கண் அகலவில்லை. அவை வெள்ளம் செருகிவிட்டுப் போனவை!

பல மைலுக்கு அப்பால் மழை கொட்டினால் போதும். இங்கே வெயில் எரிக்கையிலேயே பிரவாகம் வந்துவிடும். 1997 ஆகஸ்டில் அரிஸோனாவின் ஆண்டெலோப் இடுக்கில் 11 பேர் மாண்டது அப்படித்தான். தலைக்கு மேலுள்ள வானத்தை இங்கே நம்பலாகாது. வடக்கே மழையுண்டா என்று விசாரித்த பிறகே இறங்க வேண்டும்.