மாமரத்தடிப் புல்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பி சென்ற ஆண்டு தை மாதத்தில் தொலைபேசியில் ஒரு வேண்டுகோளை முன்வைத்தான். ஊர் வீட்டு முற்றத்தில், மாமரத்தின் கீழ், புற்றரை ஒன்று வேண்டும். ஆடியில் பிள்ளைகளுடன் வருகிறான். அவர்கள் வெறுங்காலுடன் ஓடித் திரிய வேண்டும். "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ அண்ணை" என்றான்.

காசைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அம்மாவைப் பற்றியே யோசித்தேன். யாழ்ப்பாணத்து முற்றங்களை அறிந்தவர்களுக்கு இது புரியும். விடியற்காலையில் ஈர்க்குமாறு மண்ணில் உரசும் ஓசையுடன் கண்விழித்த தலைமுறை எங்களுடையது. முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள். எண்பது வயதைத் தாண்டிய அம்மா இன்றும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்.

அந்தக் கணக்கு வெறும் பழமைவாதமன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய இரவில் நாங்களும் படலையைச் சாத்திவிட்டு நடந்தோம். திரும்பி வந்தது 2002இல், ஏ9 வீதி திறந்த பின்னர். கூரையில் பாதி இல்லை. முற்றம் முழுவதும் இடுப்பளவு புல். மாமரத்தடியில் மாத்திரம் புல் இல்லை. கணுக்கால் புதையுமளவுக்குச் சருகு கிடந்தது. அம்மா வீட்டுக்குள் போகவில்லை. தடியொன்றை எடுத்து அந்தச் சருகை ஒதுக்கத் தொடங்கினார். கீழே பழைய முற்றம் அப்படியே இருந்தது.

எனினும் தம்பியின் ஆசையை மறுக்க மனம் வரவில்லை. அலுவலக விடுமுறை எடுத்துக்கொண்டு மாசியில் கொழும்பிலிருந்து போனேன். நாற்றுமேடையில் 'புளூ கிறாஸ்' என்று ஓரடிச் சதுரத் துண்டுகளாக விற்கிறார்கள். நுணுக்கமான இலை, பார்வைக்குக் கம்பளம் போன்றது. வாங்கிப் பதித்தோம். ஆறு வாரங்களில் அது மஞ்சளாகி, பின்னர் மண்ணாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய தவறுகளைப் பத்திரிகையில் எழுதியவன், என் தவறை இங்கே எழுதாமல் விடுவது முறையன்று. விசாரிக்காமல் வாங்கியிருந்தேன். அந்தப் புல்லுக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். எங்கள் அறுகம்புல்லும் அப்படித்தான்.

எங்கள் மரமோ கறுத்தக் கொழும்பான். மாமரம் இலை முழுவதையும் ஒருசேர உதிர்க்கும் மரமன்று. அதன் நிழலுக்கு ஆண்டில் ஓய்வில்லை. ஆயினும் நிழல் பாதிக் கதைதான். மறுபாதி மண்ணுக்குள் நடக்கிறது. நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரவியிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் மண் ஆழமுமில்லை, கீழே சுண்ணாம்புக்கல். அந்த ஒடுங்கிய படுக்கையில் வயதான மரத்துடன் பங்குக்குப் போன புல் எப்படிப் பிழைக்கும்? சிறு மழை பெய்தால் அதில் ஒரு பகுதியை இலைகளே ஏந்திக்கொள்கின்றன. போதாக்குறைக்கு நாங்கள் நட்டது சோழகம் வீசிக் கிணறு வற்றப்போகும் காலத்துக்கு முன்.

ஆடியில் தம்பி வந்தான். மொட்டை நிலத்தைப் பார்த்தான். "அப்ப மரத்தைத் தறிச்சால் என்ன?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, கணக்காகக் கேட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்பதை அவனும் கவனித்தான். மறுநாள் அவனே வேறொரு யோசனை சொன்னான்: அரையடிக்குச் செம்மண் கொட்டி அதன்மேல் புல்லைப் பதிக்கலாம். அதையும் நான் தடுத்தேன். வேரின்மேல் அவ்வளவு மண்ணை ஏற்றினால் அதற்குக் காற்று கிடைக்காது. மரம் உடனே விழாது, சில ஆண்டுகளில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். கோடரியால் செய்வதை மண்வெட்டியால் செய்வதாகவே அது முடியும்.

காய் ஓய்ந்த பின், ஆவணியில், தாழ்ந்த கொப்புகள் சிலவற்றையும் உள்ளே நெருக்கியிருந்த சிறு கிளைகளையும் கழித்தோம். மொத்தத்தில் கால்பங்குக்கும் குறைவு. பிறகு நான் கதிரையொன்றைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக ஒரு நாள் முழுவதும் வெயிலின் நடமாட்டத்தைக் குறித்தேன். அயலவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. மரத்தின் வெளிவட்டத்தில் நான்கு மணித்தியாலம் வரை வெயில் விழுந்தது. அடிமரத்தைச் சுற்றி எட்டடிக்குள் அங்குமிங்குமாகச் சில புள்ளிகள் மாத்திரமே.

ஐப்பசி மழை தொடங்கியதும் வெளிவட்டத்தில் மட்டும் மலேசியப் புல்லை நட்டோம். அகன்ற இலை, அழகு குறைவு, ஆனால் நிழலைப் பொறுக்கும். வேர்களை வெட்டாமல் மேல்மண்ணை விரலளவுக்குக் கிளறி, துண்டு துண்டாக ஊன்றினோம். ஒட்ட வெட்டக்கூடாது என்று புல்வெட்ட வரும் பையனுக்குச் சொல்லிவைத்தேன். வெளிச்சம் குறைந்த இடத்தில் இலைதான் புல்லின் சமையலறை, மூன்று அங்குலமாவது நிற்கவேண்டும். சருகைக் கிடக்கவிட்டால் கீழே புல் அழுகிவிடும். இதை அம்மாவுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாரி முடிந்தபோது புல் பிடித்துவிட்டது. மெத்தென்று சொல்லமாட்டேன், வெறுங்காலுக்குப் போதும். சென்ற மாதம் தம்பிக்கு வட்ஸ்அப்பில் முற்றத்தைக் காட்டினோம். அவனுக்கு மகிழ்ச்சி. ஆனாலும், மரத்தைச் சுற்றி நடுவில் வட்டமாக ஏன் வெறுமண் கிடக்கிறது என்று கேட்டான். வெயில் கணக்கைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"அது நான் கூட்டுறதுக்கு ராசா."