பாப்போம்

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மோல்ட்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் வரை போகலாம். ராக்னராஸைக் கொல்வதைவிட நாற்பது பேரை ஒரே நேரத்தில் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. இன்று டிஸ்கார்டில் அந்த வேலையை பாட் பார்க்கிறது.

எங்கள் கில்டுக்கான பாட்டை நான் பைத்தானில் எழுதினேன். பாதிப் பேர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பையன்கள். அய்யனார் கோவில் ஆத்துக்குக் குளிக்கப் போக, வாசலில் நின்று "டேய், வர்றியா?" என்று ஒரு சத்தம் போதும். இப்போது ஒருத்தன் துபாய், ஒருத்தன் சிங்கப்பூர். ஒரே நேரத்தை அவரவர் ஊர்க் கணக்கில் டிஸ்கார்டு காட்டிவிடும்: நமக்கு இரவு 9 என்றால் அங்கே 7.30, இங்கே 11.30.

பட்டன்கள் மூன்று: வர்றேன், வரல, பாப்போம். சிக்கல் மூன்றாவதில்தான். நம்மூரில் 'பாப்போம்' என்பதற்குள் கோபம், கடன், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும். பாட்டுக்கு அது வெறும் காலியிடம். மூன்று வாரம் அதையே தட்டிய எங்கள் ஹீலரின் இடத்தில் வேறொருத்தன் ஆடினான். ரெய்டு ஜெயித்தது. ஒருத்தன் போன் போட்டபிறகுதான் தெரிந்தது, அவனுக்கு வேலை போயிருந்தது.

இப்போது பாட்டில் கூடுதலாக ஒரு விதி. தொடர்ந்து இரண்டு 'பாப்போம்' வந்தால், எங்களில் ஒருத்தருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போகும்: "அவனுக்குப் போன் போடு." மிச்சத்தைப் பாட் செய்யாது.