விறகு என்று யார் சொல்வது?

விழுந்த மரம் பலகையாகுமா விறகாகுமா என்பதை அறுவை மில்லில் நிற்கும் மெஷினின் அளவுதான் தீர்மானிக்கிறது. நேரான, நீளமான அடிமரத்துக்குத்தான் அங்கே மரியாதை. இரண்டடித் துண்டு, வளைந்த கிளை, கவட்டை இதெல்லாம் டிராலியில் நிற்காது. மில்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது அடுப்புக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதில் பொய் கிடையாது, அவருடைய மெஷினுக்கு அது விறகுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அம்மாவின் பிறந்த வீட்டுப் பலாவும் அதில் ஒன்று. ஊரில் உள்ள மரமெல்லாம் ஒரே ராத்திரியில் விழுந்து கிடந்தால் வியாபாரி என்ன விலை கேட்பான்? கேட்ட விலைக்கு மாமா அடிமரத்தைக் கொடுத்தார். கவட்டைகளும் குட்டைத் துண்டுகளும் ஒரு சின்ன லாரியில் திருக்கோகர்ணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தன. விறகுக்கென்று வந்ததை அம்மா விறகாக்க விடவில்லை. "காயட்டும்டா. இதுல ரெண்டு மணை போட்டுத் தா" என்றார்.

பலா மணை என்றால் எங்கள் பக்கம் தெரியும். சாப்பிட உட்கார, கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்க. துண்டுகளின் இரு முனையிலும் மிச்சமிருந்த பெயிண்டைப் பூசி, மழை படாமல் பின்கட்டில் அடுக்கினோம். முனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறினால் மரம் வெடித்துவிடும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது காய்வதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எங்கள் துண்டுகள் நாலைந்து அங்குலம். அவை காய்ந்து முடிவதற்குள் அம்மாவின் மூட்டு தேய்ந்து, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மணை மட்டும் பாக்கி இருந்தது.

குட்டைத் துண்டுகளை அறுக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு பேண்ட் சா வேண்டும். இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும் ஒரு எஃகுப் பட்டை, பட்டையின் ஓரத்தில் பல். வட்ட ரம்பம் ஒரு அறுப்புக்கு சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பேண்ட் சா ஒரு மில்லிமீட்டரோடு விடும். மரம் கொஞ்சமாக இருப்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. இன்னொன்று, வட்ட ரம்பம் சில நேரம் கட்டையை ஆள்மேல் திருப்பி அடிக்கும். பேண்ட் சாவின் பல் கீழ்நோக்கி ஓடுவதால் கட்டையை மேசையோடு அழுத்தும். அதற்காக விரலுக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

என் பட்ஜெட் இருபத்தைந்தாயிரம். அதற்குள் இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, பழைய வார்ப்பிரும்பு மெஷின். 18 அங்குலச் சக்கரம், ஆட்டினாலும் அசையாது, காலத்துக்கும் உழைக்கும். ஆனால் தூக்க ஆறு பேர் வேண்டும், சக்கரத்தை மூடும் தகரம் எப்போதோ கழன்று போயிருக்கும், அதை வைத்தால் பைக் தெருவில்தான் நிற்க வேண்டும். இன்னொன்று, மேசைமேல் வைக்கிற 8 அங்குல மெஷின். 250 வாட் மோட்டார், வீட்டு பிளக்கிலேயே ஓடும். நிமிர்த்தி வைத்து அறுக்கக்கூடிய அதிகபட்ச உயரம் 80 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலமும் கொஞ்சமும்.

அந்த 80-ஐப் பார்த்துத்தான் எல்லாரும் பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று மேலே போகிறார்கள், பட்ஜெட்டும் கூடவே போகிறது. நான் முதலில் பின்கட்டுக்கு டேப்போடு போனேன். ஆப்பு வைத்துப் பிளந்தால் அந்தத் துண்டுகளில் பாதிக்கு மேல் மூன்று அங்குலத்துக்குள் வந்துவிடும். மூன்று அங்குலப் பலகை நான்கை ஒட்டினால் ஓரடி அகல மணை. எட்டு அங்குலம் போதும்.

திருவப்பூரில் வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் ஓர் ஆசாரி, பெட்டி பிரித்த அன்று வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மோட்டாரு பத்துமா தம்பி?"

"பத்தாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்கய்யா."

"மோட்டாரா அறுக்குது? பல்லுதான அறுக்குது. அத மாத்து மொதல்ல."

அவர் சொன்னதற்குக் கணக்கு உண்டு. கூடவே வந்த பிளேடில் அங்குலத்துக்குப் பத்துப் பல். மூன்று அங்குல மரத்துக்குள் ஒரே நேரத்தில் முப்பது பல் நிற்கும். இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள குழிதான் தூளை அள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். குழி சின்னதாக இருந்தால் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதற்குமேல் பல் அறுக்காது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரம் கருகும், பிளேடு வளைந்து ஓடும், மோட்டார் முனகும். அங்குலத்துக்கு நாலு பல் இருந்தால் மரத்துக்குள் நிற்பது பன்னிரண்டுதான். அதே 250 வாட், வேலை வேறு.

இந்த நீளத்துக்கு நாலு பல் பிளேடு ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு கடையில் சுருளிலிருந்து 1.4 மீட்டர் வெட்டி, இரு முனையையும் சேர்த்து வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். பேண்ட் சாவின் சரித்திரமே இந்த ஒட்டில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஒட்டு நிற்காததால் மெஷின் பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. 1846-இல் பிரான்ஸில் ஆன் போலின் க்ரெபென் என்ற பெண்மணி உறுதியாக ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய பாரிஸ் கம்பெனி ஒன்றுதான் பேண்ட் சாவைப் பட்டறைகளுக்குள் கொண்டுவந்தது.

ஒட்டு ஏன் உடைகிறது? 200 மில்லிமீட்டர் சக்கரம் நிமிஷத்துக்கு 1400 சுற்று சுற்றினால், 1.4 மீட்டர் பிளேடு நொடிக்குப் பத்துத் தடவை வலம் வரும். ஒவ்வொரு வலத்திலும் இரண்டு சக்கரத்தில் வளைந்து நிமிர வேண்டும். நொடிக்கு இருபது முறை வளைந்தால் எந்த எஃகும் களைத்துப் போகும். அதனால் சின்னச் சக்கரத்துக்கு மெல்லிய பிளேடுதான் தாங்கும். 0.65 மில்லிமீட்டர் கனம் வேண்டாம், 0.35 போதும் என்று கேட்டு வாங்கினேன். அகலம் 10 மில்லிமீட்டர். அதைவிட அகலமான பட்டையை இழுத்துப் பிடிக்கும் தெம்பு இந்தச் சட்டத்துக்குக் கிடையாது. வெல்டிங் வைத்த இடத்தை மறுபடி மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி மெதுவாக ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கடைக்காரர் அதைச் செய்யும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்தது, பிளேடை இருபுறமும் தாங்கும் கட்டைகள். மெஷினோடு வந்தது எஃகு. நெருக்கி வைத்தால் பல்லைத் தின்னும், தள்ளி வைத்தால் பிளேடு ஆடும். ஆசாரி தன் பழைய புளியங்கட்டைக் கொட்டாப்புளியில் விரல் அளவு நறுக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் எண்ணெயில் ஊறப் போட்டு அதை மாட்டினேன். மரத்தைப் பிளேடோடு ஒட்டி வைக்கலாம், பல் பட்டாலும் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. செலவு பூஜ்யம்.

மூன்றாவது, கட்டையைச் சாய்த்துத் தள்ளும் வழிக்கட்டை. பேண்ட் சா பிளேடு கொஞ்சம் ஒருபக்கமாக இழுக்கும், ஒவ்வொரு பிளேடுக்கும் ஒவ்வொரு சாய்வு. நேரான தகரத்தோடு சேர்த்துத் தள்ளினால் மரத்துக்கும் பிளேடுக்கும் சண்டை. அதற்குப் பதில் முனை உருண்டையான ஒரு மரக்கட்டையைப் பல்லுக்கு நேராக நிறுத்தினேன். கட்டை அதில் ஒரே இடத்தில்தான் தொடும், மீதியைக் கையால் திருப்பிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு நடுவில் மரத்தூளுக்குள் விழுந்த ஆலன் கீயைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அரைக்காசம்மாவ நெனச்சுக்கடா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எங்கள் கோயில் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று பெயர். புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசில் இருப்பது அவள் உருவம். தொலைந்ததைத் தேடித் தருபவள் என்று நம்பிக்கை. சின்னக் காசில் குடியிருக்கும் தெய்வம் பட்ஜெட் மெஷின்காரனைக் கைவிடாது என்று நினைத்துக்கொண்டேன். சாவி கிடைத்தது.

மோட்டாரை மாற்றவில்லை. மெஷினுக்கு ஒதுக்கியதில் கால்பங்கை முதலிலேயே பிளேடுக்கு எடுத்து வைத்தது போதுமாக இருந்தது.

காய்ந்த பலாவை அறுத்தால் உள்ளே மஞ்சள் பளீரென்று தெரியும். இந்த நிறத்தைத்தான் பௌத்தத் துறவிகள் சீவரத்துக்குச் சாயமாகக் காய்ச்சினார்கள். பிசின் பல்லில் ஏறும். நாலு அறுப்புக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அவசரப்பட்டால் மோட்டார் நின்றுவிடும். ஓரடி நீளத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது, ஆகட்டும். ஐந்து வருஷம் காத்த மரத்துக்கு ஒரு நிமிஷம் பெரிதா? ஒரே கட்டையிலிருந்து வந்த இரு பலகைகளைப் புத்தகம் போல விரித்து வைத்தால் வரி ஒன்றுக்கொன்று கண்ணாடி. கவட்டையிலிருந்து வந்ததில் வரிகள் இரு கிளையாகப் பிரிகிற இடம் மயில்கழுத்து மாதிரி மினுங்கியது. மில்லில் விறகென்று தள்ளுவது இந்த இடத்தைத்தான்.

மணை இரண்டும் முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். உட்கார முடியாதவருக்கு மணை எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "நான் உக்காரவா கேட்டேன்? அந்த மரம் எங்கயாச்சும் இருக்கணும்ல." ஒன்றைச் சாமி அறையில் விளக்குக்குக் கீழே போட்டார். இன்னொன்று வடகாட்டுக்கு, மாமா வீட்டுக்குப் போனது.

மெஷின் வாங்கப் போகிறேன், எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் என்ன மரம் கிடக்கிறது, அதை அளந்தீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். பெரிய மெஷின் பெரிய மரத்தைத்தான் தேடும், அதற்கு ஊரில் மில் இருக்கிறது. மில் வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் வீட்டில் ஒன்று தேவை.

பின்கட்டில் இன்னும் பதினோரு துண்டு இருக்கிறது.